கிறிஸ்தோப்பரின் ஒற்றைக்கால் நேர்த்தி

கிறிஸ்தோப்பருக்கு அறுபத்தெட்டு வயது. அதில் ஐம்பத்திரண்டு வருடம் கடலில் போனது. அதற்கு முந்தின பதினாறு வருடமும் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அழுததில் போனது என்று அவருடைய தங்கை கலிஸ்ரா சொல்லுவாள். முல்லைத்தீவுக் கரையில் இப்படியான ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனால் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே ஒற்றைக்காலில் நின்று, ஊரையே தொப்பி கழற்ற வைத்தவர் இவர் ஒருவர்தான்.

எல்லாம் ஒரு சறுக்கலில் தொடங்கியது. தை மாதத்தில் ஒரு காலை, மகன் மெல்ரொனின் படகு கரைக்கு வந்தபோது, வழக்கம்போல முதல் ஆளாகக் குதித்த கிறிஸ்தோப்பர் வழக்கத்துக்கு மாறாக எழும்பவில்லை. முழங்காலளவு தண்ணீர்தான். அதற்குள் மல்லாந்து கிடந்தபடி, தனக்கு ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அலை வந்து வாயை மூடியது. இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி மணலில் இருத்தினார்கள். அலை அவரைப் பின்பக்கம் இழுத்துப் போனதையும், அப்போதுதான் அணைந்த இஞ்சினின் விசிறி அவருடைய தலைக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றதையும் மெல்ரொன் மட்டும் கண்டான். கண்டதை ஒருவருக்கும் சொல்லவில்லை. தகப்பனுக்கு மட்டும் ஒரு சொல்லுச் சொன்னான்.

"அப்பா, காணும். இனி நீங்கள் கரையிலை நில்லுங்கோ."

"கரையிலை நிண்டு?"

"நிண்டு... சும்மா நில்லுங்கோ."

சும்மா நிற்பது கிறிஸ்தோப்பருக்குத் தெரியாத தொழில். ஒரு கிழமை கடற்கரை வாடியில் போய் நின்று பார்த்தார். வலை திருத்திக்கொண்டிருந்தவர்கள், "அண்ணை, உந்த வெயிலுக்கை ஏன், வீட்டை போங்கோ" என்றார்கள். வீட்டில் நிற்பதற்கு இருந்த ஒரே சுவாரசியமான இடம் குசினி. அங்கே போய் நின்றார்.

குசினி, அவருடைய மனைவி யூலிற்றாவின் இராச்சியம். விடியப்புறம் நாலு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் வீடு தன்னுடையது என்று நாற்பத்து நான்கு வருடம் பழகியவள் அவள். அந்த இராச்சியத்துக்குள் இப்போது ஒரு மேற்பார்வையாளர் வந்து இறங்கியிருந்தார்.

"உதென்ன வெட்டு? பாரையை உப்பிடியே வெட்டுறது?"

"நாப்பத்துநாலு வருஷமா உப்பிடி வெட்டினதைத்தான் திண்டனீங்கள்."

"கடலாலை பசியோடை வந்து திண்டனான். கவனிக்கேல்லை."

உப்புப் போத்தலை ஈரம் படாத இடத்தில் வைக்கிறேன் என்று அவளுக்கு எட்டாத தட்டில் வைத்தார். உடுப்புக் காயப்போடும் கொடியை அவிழ்த்து, நங்கூரம் கட்டுகிற முடிச்சுப் போட்டுக் கட்டினார். பிறகு அதை அவிழ்க்க முடியாமல் யூலிற்றா கத்தியால் அறுத்தாள். மூன்றாம் கிழமை அவள் சுவரில் மாட்டியிருந்த அந்தோனியார் படத்துக்கு முன்னால் நின்று வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். கிறிஸ்தோப்பர் அதைக் கண்டார். படம் கொஞ்சம் சரிந்திருக்கிறது என்று சொல்லி, அதையும் நேராக்கிவிட்டுப் போனார்.

மகனை விடவுமில்லை. கெஞ்சினார், மிரட்டினார், இரண்டு நாள் கதைக்காமலும் இருந்து பார்த்தார். கதைக்காமல் இருந்ததை மகன் கவனிக்காததால் அதைக் கைவிட்டார். தொல்லை தாங்காமல் ஒருநாள் மெல்ரொன் சொன்னான்:

"கிளினிக் மிஸ்ஸி உங்கடை கால் நல்லம் எண்டு எழுதித் தரட்டும். அண்டைக்கே படகிலை ஏத்துறன்."

தாதிமார் காலுக்கெல்லாம் எழுதிக் கொடுப்பதில்லை என்ற தைரியத்தில் சொன்ன சொல் அது.

மார்ச் மாதக் கிளினிக்கில் அவருக்கு இரத்தத்தில் சீனி கூடியிருந்தது. அதைப் பற்றிக் கிறிஸ்தோப்பர் கவலைப்படவில்லை. கொப்பியை நீட்டி, காலைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை எழுதச் சொன்னார். நிரோசினி மிஸ்ஸி சிரித்த முகக்காரி. ஆனால் சிரித்தபடியே பிடிவாதம் பிடிக்கக்கூடிய பிள்ளை.

"எழுதலாம் ஐயா. முதல் ஒண்டையும் பிடிக்காமல் ஒரு காலிலை நில்லுங்கோ. நான் பத்து எண்ணுறன்."

வலது கால் ஆறு வரைக்கும் தாங்கியது. இடது தொடையில் பயறளவு இரும்பொன்று இரண்டாயிரத்தொன்பதிலிருந்து குடியிருக்கிறது; கிடக்கட்டும் என்று டொக்டர்மார் விட்டுவிட்டார்கள். அந்தக் காலில் மூன்று எண்ணுவதற்குள் மனிதர் நிறை பார்க்கிற மெசினைக் கட்டிப்பிடித்தார். வாங்கில் இருந்த நோயாளர் எல்லாருக்கும் அன்றைக்கு வருத்தம் கொஞ்சம் குறைந்தது.

"மிஸ்ஸி, பிழை காலிலை இல்லை" என்றார் கிறிஸ்தோப்பர். "உந்தத் தரை ஆடாமல் கிடக்குது. நான் ஆடுற பலகையிலை நிண்டு பழகினவன். படகுக்கை வைச்சுப் பாருங்கோ, ஒரு மணித்தியாலம் நிப்பன்."

"விழுந்தது எங்கை ஐயா? படகுக்கையோ?"

"...கரையிலை."

"அப்ப தரையிலைதானே பழக வேணும்."

அடுத்தது கதிரை. கையை ஊன்றாமல் அரை நிமிடத்துக்குள் எத்தனை தரம் இருந்து எழும்பலாம் என்று பார்க்க வேண்டும். ஏழு தரம் எழும்பினார். எட்டாவது தரம் பிளாஸ்ரிக் கதிரையும் அவரோடு சேர்ந்து எழும்பியது.

மிஸ்ஸி கதிரையைக் கழற்றிவிட்டு, ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். வலை இழுத்த கையும் தோளும் இரும்பாக இருக்கலாம். அறுபது தாண்டினால் முதலில் ஏமாற்றுவது கால்தான். பழக்காவிட்டால் தொடைச் சதை வற்றிப்போகும். பிறகு ஒரு விழுகையில் இடுப்பு உடையும். ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடக்க வேண்டும். இடுப்பளவு உயரத்தில் அசையாத பொருள் ஒன்றைத் தொட்டுக்கொண்டு மாறி மாறி ஒரு காலில் நிற்க வேண்டும். குதிக்காலை உயர்த்தி இறக்க வேண்டும். கதிரை உயரத்தில் பத்துத் தரம் இருந்து எழும்ப வேண்டும்.

"யூன் மாதக் கிளினிக்குக்கு வாங்கோ. ரெண்டு காலிலையும் பத்துப் பத்து, கதிரையிலை பன்ரெண்டு. செய்து காட்டினால் நானே எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாறன்."

மூன்று மாதம் பெரிய விசயமில்லை. எங்கே செய்வது என்பதுதான் விசயம். அந்தக் கரையில் எக்சசைஸ் என்பது வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற மருமக்கள் செய்கிற வேலை. ஐம்பத்திரண்டு வருடம் கடலில் மாய்ந்த ஒரு மனிதன் முற்றத்தில் நின்று குதிக்காலைத் தூக்கினால், வேலிக்கு மேலால் பார்க்கிற சனம் அவர் செத்த பிறகும் அதைச் சொல்லிச் சிரிக்கும். கடற்கரையில் செய்தால் செத்த பிறகு வரைக்கும் காத்திராது.

அதனால் அவர் ஏற்கெனவே செத்தவர்களிடம் போனார்.

கோயிலுக்குப் பின்னால், கடலைப் பார்த்த மணல் திட்டில் இருந்தது சேமக்காலை. வீட்டிலிருந்து அங்கே கரையால் நடந்து போனால் சரியாக அரை மணித்தியாலம். விடியும் நேரத்தில் ஆண்கள் கடலில், பெண்கள் அடுப்படியில். தகப்பன் சவிரிமுத்துவின் சீமெந்துக் குருசு இடுப்பளவு உயரம், அசையாது. இரண்டு வரிசை தள்ளி, ஒருகாலத்தில் கரையின் படகு முதலாளியாக இருந்த மரியாம்பிள்ளைச் சம்மாட்டியாரின் கல்லறை இருந்தது. மாபிள் பதித்தது, அளந்து கட்டிய மாதிரிக் கதிரை உயரம். சம்மாட்டியார் உயிரோடு இருந்தபோது தனக்கு முன்னால் ஒருவரையும் உட்கார விட்டதில்லை. கிறிஸ்தோப்பர் ஒவ்வொரு நாளும் பத்துத் தரம் அவர் மேலேயே உட்கார்ந்து எழும்பினார். ஒவ்வொரு தரமும் ஒரு பழைய கோபம் ஆறியது.

ஐந்தாம் நாள், காலைப் பூசைக்கு வந்த கலிஸ்ரா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். தமையன் தகப்பனின் குருசைத் தொட்டபடி ஒற்றைக்காலில் நிற்கிறார். கண் வானத்தில். வாய் ஏதோ சொல்கிறது. "நாலு, அஞ்சு, ஆறு" என்று அவர் எண்ணியது மதில் வரைக்கும் கேட்கவில்லை. கலிஸ்ரா கிட்டப் போகாமல், சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு திரும்பினாள். அவள் அங்கிருந்து எங்கே போனாள், யாரிடம் என்ன கேட்டாள் என்பதெல்லாம் கிறிஸ்தோப்பருக்குப் பிறகுதான் தெரியவந்தது.

மூன்றாம் கிழமை அவருக்கு அலுத்துவிட்டது. முழங்கால் குத்தியது. இடது கால் ஐந்தைத் தாண்ட மறுத்தது. கிளினிக்காவது மண்ணாவது என்று ஒருநாள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டார். ஆறரை மணிக்குப் படலையில் சத்தம். கலிஸ்ரா நின்றாள். அவளுக்குப் பின்னால் செபமாலையோடு இரண்டு வயதான பெண்கள்.

"அண்ணை, சுகமில்லையோ? இண்டைக்குக் காணேல்லை. நேர்த்தி விடுபட்டுப் போகப்போகுது எண்டு எங்களுக்கு நெஞ்சு பதைக்குது."

"என்ன நேர்..." என்று தொடங்கிய கிறிஸ்தோப்பர் பாதியில் நிறுத்தினார்.

அந்தக் கரையில் நேர்த்திக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருவர் புனிதருக்கு நேர்த்தி வைத்தால், என்னத்துக்கு என்று மற்றவர்கள் கேட்கக் கூடாது, கேட்டால் பலிக்காது. இடையில் விடவும் கூடாது. காரியம் நிறைவேறினால் அந்தோனியார் திருநாளில் கோயில் முற்றத்தில் எல்லாருக்கும் கோதுமைப் பாண் கொடுத்து, பாண் கூடைக்குப் பக்கத்தில் நின்று, நேர்த்தி என்னத்துக்கு என்று எல்லாரும் கேட்கச் சொல்ல வேண்டும். இது பொய்க்கும் பகிடிக்கும் இடமில்லாத விசயம்.

கிறிஸ்தோப்பர் மூன்று பெண்களையும் பார்த்தார். நேர்த்தி இல்லை என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். எக்சசைஸ் என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. அவர் சேட்டை எடுத்து மாட்டிக்கொண்டு சேமக்காலையை நோக்கி நடந்தார். குசினிக்குள் யூலிற்றா முதுகைக் காட்டியபடி, நன்றாகவே எரிந்துகொண்டிருந்த அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவருக்கு நல்ல காலம். தேத்தண்ணிக் கடையில் முதல் கோப்பை அவருக்கு வந்தது. வாடிக்காரர் கதிரை தூசி தட்டிக் கொடுத்தார்கள். கரைக்கு வந்த படகுகளில் இருந்து இரண்டு மீன் கேட்காமலே கிடைத்தது. முன்பு வெயிலுக்கை ஏன் நிக்கிறியள் என்றவர்கள், இப்போது அவர் போகும்போது தொப்பியைக் கழற்றினார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கக் கூடாதே! கிறிஸ்தோப்பரும் வஞ்சகமில்லாமல் ஒத்துழைத்தார். எண்ணும்போது கண்ணை இன்னும் கொஞ்சம் மேலே உயர்த்தினார். மரியாம்பிள்ளையாரின் மேல் உட்காரும்போது முகத்தில் ஒரு துக்கத்தைக் கொண்டுவந்தார்.

பாஸ்காத் திருநாளுக்கு முந்தின செவ்வாய், கலிஸ்ரா தாயின் குருசுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மகளின் விசாவோ, தன்னுடைய முழங்காலோ, ஏதோ ஒரு நேர்த்தி. தமையனைப் பார்த்து அப்படியே காலைத் தூக்கினாள். அடுத்த கிழமை செபமாலைப் பெண்கள் இரண்டு பேரும் வந்தார்கள். மே மாதம் பிறக்கும்போது அவரைத் தவிரப் பதினொரு பேர். ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் சொந்தக்காரரின் குருசைத் தொட்டபடி ஒற்றைக்காலில் நின்றார்கள். மாபிள் கல்லறைக்கு மட்டும் வரிசை நின்றது. சம்மாட்டியார் உயிரோடு இருந்தபோது கூட இத்தனை பேர் அவரைத் தேடி வந்ததில்லை. யூலிற்றா மட்டும் வரவில்லை. அந்த நேரத்தில் குசினி அவளுடையதாக இருந்தது. அதை விட்டுவிட்டு வர அவள் என்ன மடைச்சியா?

இடது கால் ஏழுக்கு வந்தது. பிறகு எட்டு. சீனியும் இறங்கியது. நின்றபடியே இடுப்புச் சாரம் மாற்ற முடிந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் படகுகள் திரும்புகிற நேரத்தில் அவருடைய சிரிப்பு நின்றுவிடும். திட்டில் நின்று பார்த்தால் மெல்ரொன் படகைத் தள்ளுவது தெரியும். தான் குதிக்க வேண்டிய இடத்தில் வேறொருவன் குதிப்பான். சாவுக்குக் கிறிஸ்தோப்பர் பயப்படவில்லை. ஒவ்வொரு நாளும் அவர் நிற்கிற இடத்தில் அது பழகிப்போன விசயம். கரையில் இருத்தி வைக்கப்படுவதற்குத்தான் பயந்தார். அந்தப் பயத்தில் இன்னொரு தரம் காலைத் தூக்குவார்.

இரண்டாவது பயம் திருநாள். யூன் பதின்மூன்றாம் திகதி கூடைக்குப் பக்கத்தில் நின்று எதைச் சொல்வது?

கிளினிக் பதினோராம் திகதி வியாழக்கிழமை வந்தது. மெல்ரொன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். பஸ்ஸில் கலிஸ்ராவும் ஒற்றைக்கால்காரர் சிலரும் வந்திருந்தார்கள். அவர்களுக்கும் அன்றைக்குத்தான் கிளினிக். வலது காலில் பதினாலு நின்றார். கதிரையில் பதின்மூன்று தரம் எழும்பினார், கதிரை தரையிலேயே இருந்தது. பிறகு இடது கால்.

ஏழில் தொடை நடுங்கத் தொடங்கியது. எட்டில் உடம்பு நிறை மெசின் பக்கம் சரிந்தது. மெல்ரொன் தன்னை அறியாமல் கையை நீட்டினான். ஐந்து மாதமாகத் தகப்பனைத் தரையில் இருத்தி வைத்த அதே கை.

"தொடாதை!" என்று கத்தினார் கிறிஸ்தோப்பர். அந்தச் சத்தத்திலேயே நிமிர்ந்தார். மிஸ்ஸி பத்து எண்ணி முடித்தாள். அவர் பதினொன்றையும் தானே எண்ணிவிட்டுக் காலை வைத்தார்.

கொப்பியில் கையெழுத்து விழுந்தது. மெல்ரொன் அதை இரண்டு தரம் வாசித்தான். மூன்றாம் தரம் வாசிக்கும்போது கண் கலங்கியிருந்தது. இஞ்சின் விசிறியைப் பற்றி அப்போதுதான் தகப்பனுக்குச் சொன்னான்.

"அதுதானப்பா பயந்தனான். சரி, நாளைக்கு நாலு மணிக்கு வாங்கோ. ஆனா குதிக்கிறேல்லை. மெல்ல இறங்கவேணும்."

"மெல்ல இறங்குறன்" என்றார் கிறிஸ்தோப்பர். வெள்ளிக்கிழமை கடலுக்குப் போனார். மெல்லத்தான் இறங்கினார். நிமிர்ந்து நின்றார்.

சனிக்கிழமை திருநாள். பூசை முடிய, யூலிற்றா எங்கிருந்தோ ஒழுங்கு பண்ணிய மூன்று கூடை பாண் கோயில் முற்றத்தில் இருந்தது. சனம் சுற்றி நின்றது. பதினொரு ஒற்றைக்கால்காரரும் முன் வரிசை. கிறிஸ்தோப்பருக்குப் பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தோனியாரின் சொரூபத்தைப் பார்த்தார். அது கொஞ்சமும் சரியாமல் நேராகவே நின்றது.

"சனங்களே, நான் நேர்த்தி ஒண்டும் வைக்கேல்லை. சீனி வருத்தத்துக்கும் காலுக்கும் மிஸ்ஸி சொல்லித் தந்த எக்சசைஸ்தான் செய்தனான். வெக்கத்திலை சேமக்காலைக்குப் போனனான். நீங்கள் நேர்த்தி எண்டியள். நான் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டிட்டன். அதுதான் நான் செய்த பிழை."

 காகம் ஒன்று பாண் கூடையை எட்டிப் பார்த்தது. பிறகு கலிஸ்ராவின் குரல் கிளம்பியது.

"அப்ப மச்சாள்! நான் அண்டைக்கு ஓடி வந்து கேக்க, 'நேர்த்தியடி, வாயைத் திறக்காதை' எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

எல்லாத் தலையும் யூலிற்றா பக்கம் திரும்பியது. அவள் ஆறுதலாக முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"ஓம், நேர்த்திதான். நான் வைச்சது. ஆருடைய நேர்த்தி எண்டு நீ கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. இந்த மனிசனைத் திரும்பக் கடலுக்கு அனுப்பிவிடு, மூண்டு கூடை பாண் தாறன் எண்டு அந்தோனியாரிட்டைக் கேட்டனான். மூண்டு கிழமை உங்கடை குசினியிலை இவரை வைச்சுப் பாருங்கோ. நீங்களும் கேப்பியள்."

முற்றம் சிரிப்பில் குலுங்கியது. சிரிப்புக்குள்ளே அவள் இன்னும் ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்ற கிறிஸ்தோப்பருக்கு மட்டும் கேட்டது.

"கரையிலை நிண்டு கடலைப் பாக்கிற உங்கடை முகத்தை என்னாலை பாக்க ஏலாமல் கிடந்தது."

கிறிஸ்தோப்பர் முதல் பாணை எடுத்து அவளுக்கே நீட்டிவிட்டு, மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்.  

திங்கட்கிழமை காலை ஏழு மணி போல, வலையில் கீரி மீன் நிறையப் பட்டு, படகு திரும்பிக்கொண்டிருந்தது. இனிமேல் எக்சசைஸ் என்று தெரிந்துவிட்டதே, சேமக்காலையில் ஒருவரும் நிற்கமாட்டார்கள் என்றுதான் கிறிஸ்தோப்பர் நினைத்திருந்தார். கடலிலிருந்து பார்த்தார். திட்டில் குருசுகளுக்கு நடுவே வரிசையாக ஆட்கள், எல்லாரும் ஒற்றைக்காலில். எண்ணினார். பதினொன்று. கலிஸ்ராவைச் சேர்த்துத்தான் பதினொன்று. பிறகு சவிரிமுத்துவின் குருசுக்குப் பக்கத்தில், தன்னுடைய இடத்தில், பன்னிரண்டாவதாக ஒரு நீலச் சேலை நிற்பதைக் கண்டார்.

வீடு முழுவதும் தனக்கே கிடைத்திருந்த நேரத்தில், குசினியை விட்டுவிட்டு, யூலிற்றா வந்து நின்றாள். முகம் கடலைப் பார்த்தபடி. காலைத் தூக்கினாள்.

கிறிஸ்தோப்பர் படகில் நின்றபடி அவளுக்காக எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் நீலச் சேலை ஆடியது. ஐந்தில் குருசைக் கட்டிப்பிடித்தது.

ஐம்பத்திரண்டு வருடத்தில் அவர் ஒருநாளும் சொல்லாத ஒன்றை அன்றைக்கு மகனிடம் சொன்னார்.

"மெல்ரொன், கொஞ்சம் கெதியாக் கரைக்கு விடடா. கொம்மா காலைப் பிழையாத் தூக்கிறா."